பச்சிளங்குழந்தையின் ரத்தக்குழாய்க் கட்டி ஏன் வளர்கிறது, ஏன் தானே அடங்குகிறது?

உங்கள் மகளுக்கு இரண்டு மாதம். பிறந்தபோது கன்னத்தில் ஒரு வெளிறிய திட்டு மட்டும் இருந்தது, அதுவும் கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் அந்த இடம் சிவந்தது, இப்போது மேடாகி, தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கிறது. மருத்துவர் இது ஹீமாஞ்சியோமா, புற்றுநோய் இல்லை, தானாகப் போய்விடும் என்று சொல்லிவிட்டு, அதே பேச்சில் வேண்டுமானால் ப்ராப்ரனலால் தரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இந்தக் கட்டி எதனால் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருப்பதை முழுக்கப் படித்தால் உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. வாராவாரம் பெரிதாகிற ஒன்று தானாக நின்றுவிடும் என்று எதை வைத்து நம்புவது? நிற்கும் என்றால் இதயத்துக்குக் கொடுக்கும் மருந்தைக் கைக்குழந்தைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

நான் குழந்தை மருத்துவர் இல்லை. வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்னது என்று எழுதித் தருகிற நோயியல் துறையில் இருப்பவன். ரத்தக்குழாய்க் கட்டிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அதனால் கட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெம்பாகச் சொல்ல முடியும். உங்கள் மகளுக்கு மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை, குழந்தையை நேரில் பார்க்காத யாரும் சொல்லக் கூடாது. நானும் சொல்லப் போவதில்லை.

பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். குழந்தைப் பருவ ஹீமாஞ்சியோமா பின்னாளில் புற்றுநோயாக மாறுவதில்லை. கைக்குழந்தைகளுக்கு வரும் கட்டிகளிலேயே மிகச் சாதாரணமானது இதுதான், நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வருகிறது. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள், இரட்டையர்கள் ஆகியோருக்கும் கூடுதலாக வருகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் இருபது சதவீதத்துக்கு மேல் இதைப் பார்க்கிறோம். இந்தப் பட்டியலைச் சும்மா சொல்லவில்லை. எடை குறைவு, குறைமாதம், இரட்டைக் கர்ப்பம் மூன்றுமே நஞ்சுக்கொடியோடு தொடர்புள்ளவை. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் படிப்பதெல்லாம் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் குழந்தையின் தோலில் சிவப்பாகவோ நீலமாகவோ எது இருந்தாலும் அதை ஹீமாஞ்சியோமா என்றே எழுதினார்கள். தானாகக் கரைவதும், சாகும்வரை இருப்பதும் ஒரே பெயரில் இருந்தன. 1982-இல் பாஸ்டனில் ஜான் முலிக்கன் என்ற அறுவை மருத்துவரும் ஜூலி க்ளோவாக்கி என்ற ஆய்வாளரும் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ரத்தக்குழாயின் உள்பக்கத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் உட்சுவர் செல்கள் பெருகுகின்றனவா இல்லையா என்பதே அவர்கள் வைத்த அளவுகோல். பெருகினால் அது கட்டி. பெருகாமல், கருவில் ரத்தக்குழாய் உருவானபோதே தாறுமாறாக அமைந்துபோயிருந்தால் அது அமைப்புக் குறைபாடு. முகத்தில் திராட்சை ரச நிறத்தில் பிறவியிலேயே தட்டையாக இருக்கும் மச்சம் இரண்டாவது வகை. அது குழந்தையோடு சேர்ந்து வளரும், தானாகப் போகாது. அதன் பின்னால் பெரும்பாலும் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் இருப்பது 2013-இல் தெரியவந்தது. கருவில் ஏதோ ஒரு செல்லில் நிகழ்ந்து, அந்தச் செல்லின் வாரிசுகளில் மட்டும் தங்கிவிட்ட மாற்றம் அது, பெற்றோரிடமிருந்து வந்ததில்லை.

கட்டிகளிலேயே இன்னொரு வகையும் உண்டு. கருவிலேயே முழுதாக வளர்ந்து, பிறக்கும்போதே பெரிதாக இருக்கும் பிறவி ஹீமாஞ்சியோமா. அதில் ஒரு வகை ஒன்றரை வயதுக்குள் விறுவிறுவென்று சுருங்கிவிடும், இன்னொரு வகை சுருங்கவே சுருங்காது. உங்கள் மகளுக்கு நீங்கள் சொன்ன வரலாறு, அதாவது பிறந்தபோது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாமல் சில வாரங்களில் தலைகாட்டியது, குழந்தைப் பருவ ஹீமாஞ்சியோமாவுக்கே உரியது. இனி நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

வளர்கிற பருவத்தில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் பார்வை முழுக்கக் குண்டு குண்டான உட்சுவர் செல்கள். அவை சிறு சிறு வளையங்களாகச் சுருண்டிருக்கும். நடுவில் ரத்தம் ஓடும் துளை சில இடங்களில் கண்ணுக்கே தெரியாது. சுற்றி இன்னொரு அடுக்குத் துணைச் செல்கள். செல்கள் இரண்டாகப் பிரியும் காட்சி தாராளமாகக் கிடைக்கும். மற்ற உறுப்புகளில் இத்தனை செல் பிரிவைப் பார்த்தால் நோயியல் மருத்துவருக்கு முதலில் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். இங்கே அப்படி நினைக்கத் தேவையில்லை, ஏனென்றால் செல்கள் ஒழுங்கு மீறுவதில்லை. ஒவ்வொன்றும் ரத்தக்குழாயாக ஆகத்தான் முயல்கிறது. பக்கத்துத் திசுவை அரித்துக்கொண்டு போவதில்லை, பிய்ந்துபோய் வேறு உறுப்பில் முளைப்பதும் இல்லை. உடம்பில் பல இடங்களில் இருக்கும் குழந்தைகள் உண்டு. அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியவை என்பதற்கு ஆதாரம் கிடையாது, தனித்தனியே தோன்றியவையாகவே கருதுகிறோம்.

இப்போது நஞ்சுக்கொடிக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் பவுலா நார்த் என்ற நோயியல் வல்லுநரின் குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. செல்லுக்குள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் குளூட்-1 என்ற புரதம் சாதாரணத் தோலின் ரத்தக்குழாய்களில் இருப்பதில்லை. இந்தக் கட்டியின் உட்சுவர் செல்களிலோ வளரும் பருவம், அடங்கும் பருவம், அடங்கி முடிந்த பருவம் எல்லாவற்றிலும் இருக்கிறது. பிறவி ஹீமாஞ்சியோமாவில் இல்லை, அமைப்புக் குறைபாடுகளில் இல்லை. எங்கள் வேலையை இது தலைகீழாக மாற்றியது. சந்தேகமான திசு வந்தால் குளூட்-1 சாயம் ஏற்றிப் பார்ப்போம், பிடித்தால் விடை கிடைத்துவிடும். அப்புறம் அதே குழு அடுத்த வருடமே இன்னும் சில புரதங்களைக் காட்டியது. அவையும் இந்தக் கட்டியிலும் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களிலும் சேர்ந்தே இருந்தன.

அப்படியென்றால் நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பிய செல்கள் குழந்தையின் தோலில் போய் உட்கார்ந்து கட்டியாகின்றனவா? இங்கிருந்துதான் உறுதி குறைகிறது. ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது: நான் முன்பு சொன்ன குறைமாதம், இரட்டையர் பட்டியல், நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்த கர்ப்பங்களில் இது கூடுதலாகத் தெரிவது, எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் புரத ஒற்றுமை. கட்டியின் மரபணுவைச் சோதித்தால் அது குழந்தையுடையதாகவே இருக்கிறது, தாயுடையது இல்லை. இது அந்தக் கருத்தைப் பொய்யாக்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பொய்யாக்காது. நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களே குழந்தையின் கருவிலிருந்து உருவானவைதான், அவற்றின் மரபணுவும் குழந்தையின் மரபணுதான். எனவே மரபணுச் சோதனையால் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

எதிராகவும் வலுவான சாட்சி உண்டு. சில ஹீமாஞ்சியோமாக்கள் புள்ளியாக இல்லாமல் முகத்தின் ஒரு பகுதியையே, நெற்றியின் ஒரு பாதி அல்லது தாடை முழுவதும் என்று, வரைபடம் போட்டதுபோல் பிடித்துக்கொள்கின்றன. அந்த எல்லைகள் கருவில் முகம் உருவான பகுதிகளோடு பொருந்துகின்றன. ரத்தத்தில் மிதந்துவந்து ஒதுங்கிய செல்கள் இப்படி எல்லை பார்த்து உட்காருவது கடினம். என் சாய்வு இந்தப் பக்கம்தான். குழந்தையின் திசுவிலேயே இருந்த ஒரு முதிராத செல், நஞ்சுக்கொடி ரத்தக்குழாயின் வளர்ச்சித் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இது சாய்வுதான், தீர்ப்பு இல்லை. இரண்டு கருத்துக்கும் மதிப்புள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த முதிராத செல்லைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதிலின் மையமும் அதுதான். 2001-இல் கட்டியின் உட்சுவர் செல்கள் ஒரே மூதாதைச் செல்லின் வாரிசுகள் என்று காட்டினார்கள். 2008-இல் பாஸ்டனில் ஜாய்ஸ் பிஷாஃப், முலிக்கன் ஆகியோரின் குழு, வளரும் பருவக் கட்டியிலிருந்து ஒரு வகை ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வேறு வகைச் செல்லாக முதிரக்கூடிய செல்லை, பிரித்தெடுத்தது. செல்லின் மேற்பரப்பில் சிடி133 என்ற அடையாளம் உள்ளவை அவை. எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் தோலுக்கடியில் அவற்றை வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரங்களில் அங்கே குளூட்-1 உள்ள மனித ரத்தக்குழாய்கள் உருவாயின. இரண்டு மாதம் போனதும் அதே இடத்தில் ரத்தக்குழாய்கள் குறைந்து கொழுப்புத் திசு வந்திருந்தது. குழந்தையின் தோலில் வருடக்கணக்கில் நடப்பதை அந்தச் செல்கள் எலியின் தோலுக்கடியில் சுருக்கமாக நடத்திக் காட்டிவிட்டன.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். அந்த எலிக்கு அந்தக் குழந்தையின் ஹார்மோன் கிடையாது, வயது கிடையாது, எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. இருந்தும் வளர்ந்து, பிறகு கொழுப்பாக மாறும் வரிசை அப்படியே நடந்தது. வெளியிலிருந்து உடம்பு வந்து கட்டியை அடக்குகிறது என்பதைவிட, வளர்ந்து அடங்கும் காலக்கணக்கு பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்வதுதான் இதற்குப் பொருந்தும். புற்றுநோய்ச் செல் வளர்ச்சியை நிறுத்தத் தெரியாமல் போன செல். இது இன்னும் முதிர்ந்து முடிக்காத செல், முதிர்ந்ததும் பிரிவதை விட்டுவிடுகிறது. 'எதை வைத்து நம்புவது' என்றீர்களே, அதற்கு என் பதில் இதுதான்.

ஆரம்பித்துவைப்பது எது என்பதில் தெளிவு குறைவு. அதிகம் பேசப்படுவது ஆக்சிஜன் பற்றாக்குறை. ஒரு திசுவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் அது விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதிய ரத்தக்குழாய்களை அழைக்கும். குளூட்-1 புரதமும் ஆக்சிஜன் குறைந்தால் கூடுகிற வகைதான். நீங்கள் முதலில் பார்த்த வெளிறிய திட்டு, ரத்தம் குறைவாக ஓடிய இடமாக இருக்கலாம். இன்னொரு சாட்சி: 2008-இல் வந்த ஓர் ஆய்வில், இந்தக் கட்டியின் செல்களில் விஈஜிஎஃப்-ஐப் பிடித்து வைத்து அடக்கும் ஏற்பி (சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதம்) குறைந்திருந்தது. அதனால் வளரச் சொல்லும் ஏற்பி ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது. சில குழந்தைகளில் இதற்குப் பின்னால் பிறவியிலேயே உள்ள மரபணு மாற்றங்களும் இருந்தன, எல்லோரிடமும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. பொருந்துவதாலேயே நிரூபணம் ஆகிவிடாது. பெண் குழந்தைகளுக்கு ஏன் அதிகம் என்பதற்கு ஈஸ்ட்ரோஜனைக் காரணம் சொல்வார்கள், எனக்கு அது போதுமானதாகப் படவில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடலாம். கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாமல் விட்டதோ, எதையோ பார்த்துப் பயந்ததோ, எங்கோ இடித்துக்கொண்டதோ இதற்குக் காரணமில்லை. கேள்வியின் கடைசி வரியில் நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனால் அது அங்கே இருக்கிறது.

சரி, காலக்கணக்குக்கு வருவோம். பெற்றோரிடம் சரியாகப் போய்ச் சேராத தகவல் இதுதான் என்பது என் எண்ணம். வாரந்தோறும் எடுத்த படங்களை வரிசையாக வைத்து ஆராய்ந்ததில், மேல்தோல் ஹீமாஞ்சியோமா மிக வேகமாக வளர்வது ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் இடையில் என்று தெரிந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் அது தன் இறுதி அளவில் சுமார் எண்பது சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஐந்து மாதத்தில் பெரும்பாலானவை வளர்ந்து முடித்துவிடுகின்றன. தோலுக்கு அடியில் நீல நிறமாகத் தெரியும் ஆழமான வகை மட்டும் சற்றுத் தாமதமாகக் கிளம்பி, ஒன்பது மாதம் அல்லது ஒரு வயது வரைகூட வளரும். ஆக உங்கள் மகள் இப்போது இருப்பது மிக வேகமான கட்டத்திலோ, அதை ஒட்டியோ. கண்முன் வளர்வது உங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பு. அதே சமயம் 'ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால், அதற்குள் பார்ப்பதற்கு வளர்ச்சி பெரும்பாலும் மிச்சம் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2019-இல் வெளியான அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் வழிகாட்டுதல், சிக்கல் தரக்கூடிய கட்டிகளை ஒரு மாத வயதிலேயே தேர்ந்தவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

அடங்குவது மெதுவாக நடக்கும். ஒரு வயதை ஒட்டி நடுவில் சாம்பல் பூத்தாற்போல வெளுக்கும், பிறகு மென்மையாகும், பிறகு தட்டையாகும். அந்தக் கட்டத்துத் திசுவில் குண்டாக இருந்த செல்கள் மெலிந்து தட்டையாகியிருக்கும், துளைகள் அகன்றிருக்கும், மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்கள் நிறைய வந்திருக்கும். உட்சுவர் செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டிருப்பதற்கான தடயங்கள் கிடைக்கும். ஒரு குடும்பம் காலி செய்த வீட்டில் இன்னொரு குடும்பம் வந்து சேர்வதுபோல, ரத்தக்குழாய்கள் போன இடத்தில் கொழுப்புச் செல்களும் நார்த்திசுவும் குடியேறுகின்றன. அந்தக் கொழுப்புச் செல்களில் ஒரு பங்கு அதே ஸ்டெம் செல்களிலிருந்து வந்தவை. முதல் செல் எந்தச் சமிக்ஞையைக் கேட்டுப் பிரிவதை நிறுத்துகிறது என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. மாஸ்ட் செல்கள் நிறுத்துபவையா, நின்றபின் சுத்தம் செய்ய வந்தவையா என்றுகூடச் சொல்ல முடியாத நிலை.

எத்தனை வயதில் முடியும்? பழைய புத்தகங்களில் ஐந்து வயதில் பாதிப்பேருக்கு, ஏழில் எழுபது சதவீதத்துக்கு, ஒன்பதில் தொண்ணூறு சதவீதத்துக்கு என்று இருக்கும். பின்னர் வந்த கணக்குகள், பெரும்பாலானவை நான்கு வயதை ஒட்டியே சுருங்கி முடித்துவிடுகின்றன, அதற்குமேல் பெரிய மாற்றம் வருவதில்லை என்கின்றன. நான் புதிய கணக்கைத்தான் நம்புகிறேன். எது சரியானாலும், 'போய்விடும்' என்ற சொல்லில் ஒரு குறை இருக்கிறது. கட்டி போகும். தோல் பழையபடி திரும்பும் என்று அர்த்தமில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டவற்றில் பாதிக்கும் மேல் ஏதாவது ஒரு சுவடு நிற்கிறது: நூலிழை போன்ற சிவப்பு ரத்தக்குழாய்கள், கசங்கிய காகிதம் போலத் தொய்ந்த தோல், தொட்டால் மெத்தென்ற கொழுப்பு மேடு. மேல்தோலில் தடித்து, ஓரம் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக எழும்பிய கட்டிகள் அதிகச் சுவடு விடும். தோலின் மீள்தன்மை நார்களை அவை வளரும்போதே கெடுத்துவிடுகின்றன, பின்னால் கட்டி அடங்கினாலும் அந்த நார்கள் திரும்புவதில்லை. முதுகில் ஒரு சிறு சுவடு யாருக்கும் பொருட்டில்லை. மூக்கு நுனியில், உதட்டில், கன்னத்தின் நடுவில் என்றால் பேச்சு வேறு. உங்கள் மருத்துவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் முரண்படாமல் போவது இப்படித்தான். கட்டி தானாகப் போகும் என்பதும் உண்மை, போகும் முன் எவ்வளவு பெரிதாக விடுகிறோம் என்பது முக்கியம் என்பதும் உண்மை.

ப்ராப்ரனலால் வந்த கதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பிரான்ஸின் போர்தோவில் மூக்கில் ஹீமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு, அன்றைய வழக்கப்படி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதில் இதயத் தசை தடித்துப்போனதால் ப்ராப்ரனலால் தொடங்கினார்கள். மறுநாளே கட்டி கடுஞ்சிவப்பிலிருந்து ஊதாவாகி மென்மையானது. கிறிஸ்டீன் லெயோத்தே-லாப்ரெஸும் சகாக்களும் இதை 2008-இல் வெளியிட்டார்கள். 2015-இல் அவர்களே தலைமையேற்று நடத்திய பெரிய சோதனை வெளிவந்தது. 456 குழந்தைகளில், நாளுக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று ஆறு மாதம் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. மருந்து போலவே தோன்றும் வெற்று மருந்தைப் பெற்றவர்களில் 4 சதவீதம். குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அடிக்கடி கிடைப்பதில்லை.

எப்படி வேலை செய்கிறது? முதல் நாளே நிறம் மாறுவது ரத்தக்குழாய் சுருங்குவதால் என்று எளிதாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் கரைவதற்கு அது போதாது. அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பியைத் தடுப்பதால் விஈஜிஎஃப் குறைகிறது, செல்கள் தம்மை அழித்துக்கொள்கின்றன என்று பல வருடம் சொல்லிவந்தோம். பிறகு ஒரு திருப்பம். ப்ராப்ரனலால் மாத்திரையில் இடது கை, வலது கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகள் சரிபாதி கலந்திருக்கின்றன. இதயத்தில் பீட்டா ஏற்பியைத் தடுப்பது அவற்றில் ஒன்று மட்டும். ஹீமாஞ்சியோமா ஸ்டெம் செல்லை எலியில் வைத்துப் பார்த்தால், இதயத்தில் அநேகமாக வேலையற்ற அந்த இன்னொரு பாதியே ரத்தக்குழாய் உருவாவதைத் தடுக்கிறது. சாக்ஸ்18 என்ற, ரத்தக்குழாய் வளர்ச்சி மரபணுக்களை இயக்கும் புரதத்தை அது முடக்குகிறது. அட்டெனலால் என்ற இன்னொரு இதய மருந்தின் அதே மாதிரியான பாதியும் இப்படியே செய்தது. இது உறுதியானால், இதயத்தைத் தொடாமல் கட்டியை மட்டும் தொடும் மருந்து கிடைக்கும். இப்போதைக்கு இது ஆய்வுக்கூடச் சாட்சி. குழந்தைகளுக்குக் கொடுப்பது இரண்டு பாதியும் கலந்த மருந்தையே.

மருந்தை ஏன் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடரச் சொல்கிறார்கள் என்பதும் செல்லின் காலக்கணக்கிலிருந்தே புரியும். மருந்து வளர்ச்சியை அமுக்குகிறது, முதிராத செல்கள் சில மிஞ்சியிருக்கின்றன. வளரும் பருவம் கடப்பதற்குள் நிறுத்தினால் சில குழந்தைகளுக்கு மறுபடி கிளம்பும். பக்க விளைவுகளில் நான் முதலில் சொல்வது சர்க்கரை குறைவது. பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும், குழந்தை பால் குடிக்காத நாளிலும் வாந்தி எடுக்கும் நாளிலும் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூச்சிளைப்பு, இதயத் துடிப்பு குறைதல், கைகால் சில்லிடுதல், தூக்கம் கெடுதல் ஆகியவையும் உண்டு. சிறிய மெல்லிய கட்டிக்கு டைமலால் சொட்டு மருந்தை மேலே தடவுவதும் வழக்கத்தில் இருக்கிறது. எதையும் அளவு கேட்காமல் வீட்டில் தொடங்க வேண்டாம்.

அழகு ஒருபுறம் இருக்க, இடத்தைப் பொறுத்து அவசரம் மாறும். கண்ணிமையில் இருந்தால் கருவிழியை அழுத்திப் பார்வை வளர்ச்சியைக் கெடுக்கலாம். தாடி முளைக்கும் பகுதியில் பரவலாக இருந்து, மூச்சில் கரகரப்பான சத்தமும் இருந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் ஒன்று இருக்கக்கூடும், அது அன்றே காட்ட வேண்டியது. முகத்தின் ஒரு பகுதியையே பிடித்த பெரிய கட்டியோடு மூளை ரத்தக்குழாய், இதயம், கண் கோளாறுகள் சேர்ந்து வரலாம். இடுப்புக்குக் கீழ் நடுமுதுகில் பெரிதாக இருந்தால் முதுகுத்தண்டைப் பார்ப்பார்கள். உதட்டிலும் டயப்பர் படும் இடத்திலும் புண்ணாகி வலிப்பது அதிகம்.

உடம்பில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது வழக்கம். இதற்குப் பின்னால் எனக்கு மிகப் பிடித்த ஒரு உயிரியல் இருக்கிறது. இந்தக் கட்டிச் செல்கள் தைராய்டு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியை உண்டாக்குகின்றன, அந்த நொதி நஞ்சுக்கொடியிலும் ஏராளமாக இருப்பது. தோலில் ஒன்றிரண்டு கட்டி இருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. கல்லீரல் முழுக்கக் கட்டி இருந்தால், குழந்தையின் தைராய்டு சுரக்கச் சுரக்கக் கட்டி அதைத் தின்றுகொண்டே இருக்கும். தைராய்டு சுரப்பி நன்றாக இருக்கும், ரத்தத்தில் ஹார்மோன் இருக்காது. 2000-இல் இதை விவரித்தபோதுதான், அதுவரை புரியாமல் இருந்த சில குழந்தைகளின் நிலை விளங்கியது.

உங்கள் விவரிப்பு வழக்கமான படத்தோடு நன்றாகப் பொருந்துகிறது. அதனால் பயாப்சி, அதாவது திசுவை வெட்டியெடுத்துப் பார்ப்பது, பற்றிப் பேச்சே எழவில்லை, எழ வேண்டியதும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண்ணால் பார்த்தும் வரலாறு கேட்டுமே முடிவு செய்கிறார்கள், என் மேசைக்கு வருவது படம் பொருந்தாதவை மட்டும். கல் போல் கெட்டியாக இருப்பது, ஒரு வயதுக்குப் பிறகும் வளர்வது, திடீரென்று ஊதாவாகி வீங்கி உடம்பில் வேறு இடங்களில் ரத்தக்கட்டுப் புள்ளிகள் தோன்றுவது ஆகியவை பொருந்தாதவை. கடைசியாகச் சொன்னதில் ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகளைக் கட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. கசபாக்-மெரிட் என்று பழைய புத்தகங்கள் இதை ஹீமாஞ்சியோமாவின் சிக்கலாக எழுதும், இணையத்தில் இன்னும் அப்படியே பிரதி எடுக்கிறார்கள். 1997-இலேயே அது வேறு இரண்டு அரிய கட்டிகளில் வருவது என்று தெளிவாகிவிட்டது. எனவே அதைப் படித்துவிட்டு உங்கள் மகளை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கன்னத்தைப் படம் எடுங்கள். கன்னம் முகத்தின் நடுப்பகுதி, மகளுக்கு வயது இரண்டு மாதம். ஆகவே மருந்து வேண்டுமா என்ற பேச்சை இந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள், இந்தக் கட்டிகளை அடிக்கடி பார்க்கும் தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ முடித்துவிடுவது நல்லது. வேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவாக இருக்கலாம், ஆனால் அது பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். அப்புறம், அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இது தனித்தே வருகிறது. குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு, ஆனால் குறைவு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே ஒருத்திக்கு வந்து மற்றவளுக்கு வராமல் இருப்பது சகஜம்.